ஒரே முயற்சி, எளிது

மார்ச் 4, செவ்வாய்

ஆபரேஷன் தியேட்டர் வாசல் வெள்ளைப் பலகையில் இன்று காலை ஒரு வரி: "புலி டாக்டர் சொன்னது 38. வந்த புலி 3."

புலி டாக்டர் நான்தான். ஆறு மாதமாகப் புலி வருது, புலி வருது என்று கத்திக்கொண்டிருக்கிறேனாம். கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, மின்னலுடையது. மதியச் சாப்பாட்டுக்குள் ஆறு அறுவை சிகிச்சை முடிக்கிற சர்ஜன் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். அதில் அவருக்குப் பெருமை வேறு.

எழுதட்டும். ஆனால் கணக்கு என்னவென்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். முழு மயக்கம் கொடுத்தால் ஆள் தூங்குவதோடு போகாது, எங்கள் மருந்து மூச்சையும் நிறுத்திவிடும். அடுத்த சில நிமிடத்துக்குள் மூச்சுக்குழலில் ஒரு குழாயைப் போட்டாக வேண்டும். பெரும்பாலான தொண்டைகள் வழி விடும். சிலது விடவே விடாது. எது விடாது என்று ஆள் முழித்திருக்கும்போதே கண்டுபிடிப்பதுதான் என் வேலை. வாயைத் திறந்தால் மூன்று விரல் நுழைய வேண்டும். நாக்கை நீட்டினால் உள்நாக்கு தெரிய வேண்டும். மோவாய்க்கும் குரல்வளை மேட்டுக்கும் நடுவே மூன்று விரல் இடம் வேண்டும். கழுத்து நன்றாக அண்ணாந்து வர வேண்டும். குறட்டை உண்டா என்று கூட வந்தவரைத்தான் கேட்பேன், தூங்குகிறவருக்கு என்ன தெரியும். சந்தேகம் என்றால் கேஸ் ஷீட்டில் ஒரு சிவப்பு வட்டம். வட்டம் போட்டால் கூடுதலாக ஒரு டாக்டர், தொண்டைக்குள் பார்க்கிற கேமரா, அரை மணி நேரம். அந்த அரை மணி நேரம்தான் மின்னலின் வயிற்றெரிச்சல்.

முப்பத்தைந்து பேருக்குச் சுலபமாகப் போய்விட்டது. சரி. அதற்கு நான் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

மார்ச் 5, புதன்

பலகையில் அவர் வரிக்குக் கீழே எழுதிவிட்டு வந்தேன்: "38 பேரும் நடந்து வீட்டுக்குப் போனார்கள்." மத்தியானம் வரை யாரும் அழிக்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

நிர்வாகி கூப்பிட்டார். மேசையில் ஏற்கெனவே ஒரு தாள் தயாராக இருந்தது. இனிமேல் நோயாளியை முதல் நாளே வரவழைத்து நான் பார்க்க வேண்டாமாம். போனில் பன்னிரண்டு கேள்வி. வரவேற்பில் இருக்கிற பெண் கேட்பாள், பதிலை டிக் அடிப்பாள்.

"வாய் எவ்வளவு திறக்கும்னு போன்ல எப்படி சார் கேப்பாங்க?"

"நல்லா திறக்குமான்னு கேப்பாங்க."

"நல்லா திறக்காதுன்னு இதுவரைக்கும் யாராவது சொல்லியிருக்காங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "நீங்க துறைத் தலைவர், டாக்டர். நீங்களே இப்படி அடம் பிடிச்சா எப்படி? ஆபரேஷன் லிஸ்ட் ஒவ்வொரு நாளும் இழுக்குது. முதல்ல மின்னல் சாரோட நோயாளிகளுக்கு மட்டும் பண்ணிப் பாப்போம்."

மின்னல் அங்கேயே உட்கார்ந்து பேனாவைச் சுழற்றிக்கொண்டிருந்தார். "நீங்க தொண்டையைப் பாத்து ஜாதகம் கணிக்கறீங்க, நான் ஆபரேஷன் பண்றேன். அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார்.

கணிப்பேன். கணித்துக்கொண்டே இருப்பேன். வேண்டுமானால் வேலையை விட்டு அனுப்பட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

அந்தப் பன்னிரண்டு கேள்வியையும் தம்பிக்குப் போன் போட்டுக் கேட்டேன். வாய் நல்லா திறக்குமா என்றதற்கு, "என்னக்கா கேள்வி இது? உன்கிட்ட திட்டு வாங்கறப்ப மட்டும்தான் மூடியிருக்கும்" என்றான். மத்தியானம் சாப்பிட வந்தான். வாசலிலேயே நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னேன். இரண்டு விரல்கூடச் சரியாக நுழையவில்லை. தாடை மூட்டு டக்கென்று சத்தம் போடுகிறது. பள்ளி நாளிலிருந்தே அப்படித்தானாம், அதனால் அதுதான் எல்லாருக்கும் இருக்கிற அளவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

வெற்றிக் களிப்பில் வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டார்.

"முப்பத்தெட்டுல மூணுதான்னா உன் சோதனை சுமார்தான். அது இருக்கட்டும். நீ எளிதுன்னு சொல்லி அப்புறம் கஷ்டமானது எத்தனை?"

"ரொம்பக் கம்மி."

"கம்மின்னா எத்தனை?"

எனக்குத் தெரியவில்லை. யாரும் எண்ணியதில்லை. கோபம் வந்து சமையலறைக்குப் போய்விட்டேன். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை, அதனால்தான் கோபம்.

மார்ச் 10, திங்கள்

பதிவறையில் உட்கார்ந்து இரண்டு வருடத்து மயக்கத் தாள்களைப் புரட்டினேன். ஐந்து டாக்டர்கள். எதிர்பாராத கஷ்டம் என்று எழுதியிருப்பது மொத்தமே நான்கு. நாலே நாலு. தலைகால் புரியவில்லை எனக்கு. நாளைக்குப் பலகையில் இதையும் எழுதுவேன் என்று முடிவு செய்துகொண்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

எழுதவில்லை.

டெக்னீஷியன் அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன். தியேட்டரில் எங்கள் கருவிகளை எடுத்துக் கொடுப்பதும் கழுவிக் கொதிக்க வைப்பதும் அவர் வேலை. பதினெட்டு வருடமாக இருக்கிறார், வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் பார்த்ததில்லை. இன்று பேசினார்.

"ரெக்கார்டை நம்பி எண்ணாதீங்க டாக்டர். நான் கழுவறதை எண்ணுங்க."

"அப்படின்னா?"

"ரெக்கார்டுல ஒரு முயற்சின்னு இருக்கும். தொட்டியில மூணு பிளேடு கிடக்கும்."

பிளேடு என்றால் தொண்டைக்குள் விட்டு நாக்கைத் தூக்கிப் பார்க்கிற அந்த வளைந்த உலோகம். முதல் முறை வழி தெரியவில்லை என்றால் வேறு அளவு பிளேடு கேட்போம். மறுபடியும் தெரியவில்லை என்றால் இன்னொன்று. எல்லாம் கடைசியில் அவர் தொட்டிக்குத்தான் போகும். எந்த கேஸுக்கு எத்தனை கழுவினோம் என்று கிருமி நீக்க நோட்டில் அவர் எழுதியாக வேண்டும், அது விதி. அந்த நோட்டை நாங்கள் யாரும் திறந்தே பார்த்ததில்லை.

நாளைக்கு எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 12, புதன்

இரண்டு வருடத்தில் மூன்று பிளேடோ அதற்கு மேலோ கழுவிய கேஸ்கள் முப்பத்தொன்று. எங்கள் ரெக்கார்டில் நான்கு.

முப்பத்தொன்றில் ஏழு என்னுடையது.

ஏழு தாள்களையும் எடுத்துப் பார்த்தேன். ஏழிலும் என் கையெழுத்தில் ஒரே வரி. ஒரே முயற்சி, எளிது. ஒரே முயற்சி, எளிது. எழுத்துகூட நடுங்கவில்லை. அழகாக எழுதியிருக்கிறேன்.

சப்பைக்கட்டு கட்டப் போவதில்லை, இது எனக்கு நானே எழுதுவது. ஏன் எழுதினேன்? பக்கத்தில் கையுறை மாட்டிக்கொண்டு மின்னல் நிற்பார். "என்ன டாக்டர், ஆச்சா?" என்பார். நான் துறைத் தலைவர். இரண்டு முறை தவறி மூன்றாவது முறை போய்விட்டது, நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஏன் என் கையால் மூன்று என்று எழுத வேண்டும் என்ற திமிர்தான். வேறொன்றும் இல்லை.

நோயாளி வீட்டுக்குக் கொண்டு போகிற தாளிலும் அந்த வரிதான் போகும். அடுத்த ஆஸ்பத்திரியில் அதைத்தான் காட்டுவார்கள். வாயைத் திறக்கச் சொல்லி, விரலால் அளந்து, குறட்டையைக் கேட்டு நாங்கள் செய்கிற எல்லாக் கணிப்பையும் விடப் பெரிய சாட்சி, போன தடவை என்ன நடந்தது என்பதுதான். அந்தச் சாட்சியையே நான் கெடுத்து வைத்திருக்கிறேன். ஏழு முறை.

மார்ச் 13, வியாழன்

பலகையில் என் வரியை நானே அழித்துவிட்டேன். மின்னல் பார்த்துவிட்டு, "என்ன, புலி பதுங்குது?" என்றார்.

மார்ச் 14, வெள்ளி

அடுத்த வாரத்து லிஸ்ட் வந்தது. புதன்கிழமை, மின்னல், பித்தப்பை அகற்றல். டிரைவிங் பள்ளி நடத்துகிற அம்மா.

ஏழில் ஒருவர்.

இரண்டு வருடத்துக்கு முன்பு கை கிழிந்து வந்தார். ஸ்கூட்டர் பழக வந்த ஒருத்தி அவர் மேலேயே ஏற்றிவிட்டாள். அப்போதும் நான் சோதித்துப் பார்த்தேன், குறையே இல்லை. வாய் நன்றாகத் திறந்தது, கழுத்து நன்றாக வளைந்தது. மயக்கிய பிறகு பிளேடை விட்டால் நாக்கின் அடியில் மேடாகச் சதை, மூச்சுவழியின் மூடியையே மறைத்துக்கொண்டு. வெளியிலிருந்து எந்தச் சோதனையிலும் அது தெரியாது. இரண்டாவது முறைக்குள் கொஞ்சம் ரத்தம். முகமூடி வைத்துப் பையை அழுத்தினேன், காற்று பாதிதான் போனது. மானிட்டரில் ஆக்சிஜன் அளவு எழுபத்தொன்று வரை இறங்கியது. அந்தச் சத்தம் இறங்க இறங்க மாறுமே, அது இன்னும் காதில் இருக்கிறது. மூன்றாவது முறை, குழாய்க்கு வழிகாட்டுகிற வளைகம்பியைக் குத்துமதிப்பாக விட்டேன். போய்விட்டது. அதிர்ஷ்டம்.

இந்தத் தடவை மயக்கம் கொடுக்கப் போவது நான் இல்லை. சின்ன டாக்டர், நாலு மாதத்துக்கு முன்பு சேர்ந்தவர். கெட்டிக்காரி. ஆனால் போன் கேள்வித்தாளில் அவருக்குக் கிடைக்கப் போவது இதுதான்: முன்பு மயக்கம் கொடுத்தது உண்டு. தொல்லை இல்லை. பழைய ரெக்கார்டு — ஒரே முயற்சி, எளிது.

நேரில் பார்த்தாலும் பயன் இல்லை. நானே பார்த்தாலும் சிவப்பு வட்டம் போட மாட்டேன். தெரிந்த ஒரே ஆள் நான்தான். அண்ணனின் தொட்டியைச் சேர்த்தால் இரண்டு.

மார்ச் 16, ஞாயிறு

சின்ன டாக்டரிடம் வாயால் சொல்லிவிட்டால் போதாதா? "அந்தம்மாவுக்குக் கேமரா வெச்சுக்கோங்க" என்று ஒரு வார்த்தை. விஷயம் முடிந்தது. யார் முகத்திலும் கரி இல்லை.

அப்புறம்? அந்தம்மா வேறு ஊருக்குப் போனால்? ராத்திரியில் விபத்து என்று எங்காவது கொண்டு போய்ச் சேர்த்தால்? நான் சொன்ன வார்த்தை அங்கே போகுமா?

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பரிட்சையில இப்படி மார்க் திருத்துன பையனை நீ என்ன சொல்லுவ?" என்றார். இந்த மனுஷனுக்கு ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லத் தெரியாது. காபி மட்டும் போட்டுக் கொடுத்தார்.

மார்ச் 17, திங்கள்

நிர்வாகியிடம் நேராகவே சொன்னேன். நான் பொய் எழுதினேன், ஏழு பேருக்கு. பழைய வரியை அடிக்க மாட்டேன், அதற்குக் கீழே இன்றைய தேதி போட்டு நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடப் போகிறேன். ஒருத்தர் புதன்கிழமை தியேட்டருக்கு வருகிறார்.

மனிதர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"டாக்டர், உங்களுக்கு என்ன ஆச்சு? ரெண்டு வருஷம் கழிச்சு எழுதினா நமக்கு நாமே ஆப்பு வெச்சுக்கற மாதிரி. அந்தம்மாவுக்கு அன்னைக்கு ஒண்ணும் ஆகலைல்ல?"

"எழுபத்தொண்ணு வரைக்கும் இறங்குச்சு."

"ஏறிடுச்சுல்ல?"

"ஏறிடுச்சு."

"அப்புறம் என்ன? அந்தச் சின்ன டாக்டர்கிட்ட வாயால சொல்லிடுங்க. எழுத்துல வேண்டாம். நல்லதுக்குச் சொல்றேன்."

"எழுத்துல பொய் இருக்கு சார். உண்மை மட்டும் வாயில இருந்தா எப்படி?"

"எழுதினா விசாரணை வரும். தலைவர் பதவியில நீங்க இருக்க முடியாது."

"சரி."

நேரே பதிவறைக்குப் போய் ஏழு தாளிலும் எழுதினேன். முயற்சி மூன்று. ஆக்சிஜன் எவ்வளவு இறங்கியது. எதனால் கஷ்டம். முன்பு எழுதியது உண்மை அல்ல, எழுதியவள் நானே. ஏழு கையெழுத்து. இந்த முறை எழுத்து கோணல் மாணலாகத்தான் இருந்தது.

சின்ன டாக்டரிடம் தாளைக் கொடுத்தேன். படித்துவிட்டுத் தலை நிமிராமல் கேட்டார்: "மேடம், இதை நீங்க சொல்லாம இருந்திருந்தா புதன்கிழமை நான் சாதாரணமா மயக்கியிருப்பேன், இல்ல?"

"ஆமா."

"என் கையில போயிருப்பாங்க."



மார்ச் 18, செவ்வாய்

டிரைவிங் பள்ளி அம்மா வார்டில் சேர்ந்துவிட்டார். பக்கத்துக் கட்டில்காரரோடு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் "வாங்க டாக்டரம்மா, அன்னைக்கு நல்லா தூங்க வெச்சீங்க" என்றார். அதைக் கேட்டதும் ஓடிப்போய்விடலாமா என்று இருந்தது.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னேன். பூசி மெழுகவில்லை. குழாய் மூன்றாவது தடவைதான் போனது, நடுவில் மூச்சு குறைந்தது, நான் அதை மறைத்து எழுதினேன், உங்களிடமும் சொல்லவில்லை.

அவர் முகம் மெல்ல மாறியது.

"அப்போ அந்தத் தொண்டை வலி? ரெண்டு வாரம் ஒரு பிரேக்குன்னு கத்த முடியல என்னால. வண்டியில பக்கத்துல உக்காந்துக்கிட்டு தொடையில தட்டித் தட்டி ஓட்டச் சொன்னேன். உங்ககிட்ட வந்து கேட்டேனே. சளின்னு சொன்னீங்க."

"ஆமாம்மா."

"சளின்னு சொல்லி மாத்திரை வேற எழுதிக் குடுத்தீங்க."

"ஆமா."

"என்ன மனுஷிம்மா நீங்க?"

நான் எழுந்திருக்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டுத்தானே ஆக வேண்டும். அப்புறம், நாளைக்கு முழித்திருக்கும்போதே மூக்கு வழியாகக் கேமராக் குழாயை விட்டு, வழியைப் பிடித்த பிறகுதான் தூங்க வைப்போம், மரத்துப் போக மருந்து தெளிப்போம், ஆனாலும் சங்கடமாக இருக்கும் என்று விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நீங்க என் பக்கத்துல வரக் கூடாது. அந்தச் சின்னப் பொண்ணு பண்ணட்டும்" என்றார்.

நியாயம்தான். வலித்தது. வலிக்கட்டும்.

மார்ச் 19, புதன்

தியேட்டர் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே போகக் கூடாது என்று நோயாளி சொன்ன பிறகு போவதற்கு எனக்கு உரிமை இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று காத்திருந்தது இதுதான் முதல் தடவை. வெளியே நிற்கிற சொந்தக்காரர்கள் எப்படித்தான் தாங்குகிறார்களோ. கண்ணாடி வழியாக மானிட்டர் தெரியவில்லை, அதன் சத்தம் மட்டும் வந்தது. சீராக, ஒரே சுருதியில்.

இருபத்தாறு நிமிடம். மின்னல் உள்ளே கைகட்டி நின்றார்.

சின்ன டாக்டர் வெளியே வந்து முகக்கவசத்தை இறக்கினார். "போயிடுச்சு மேடம். நாக்குக்கு அடியில அந்தச் சதை பெரிய நெல்லிக்காய் அளவுக்கு இருக்கு. ரெண்டு வருஷத்துல வளர்ந்திருக்கு போல. தூங்க வெச்சிட்டுப் பாத்திருந்தா வழியே இல்ல."

அழுதேன் என்றும் எழுதி வைக்கிறேன், அதையும் மறைப்பானேன்.

மார்ச் 21, வெள்ளி

மின்னல் என் அறைக்கு வந்தார். இதுவரை வந்ததே இல்லை.

"பழசை எதுக்குக் கிண்டறீங்க? எல்லாரும்தான் அப்படி எழுதறாங்க."

"தெரியும். முப்பத்தொண்ணுல எனக்கு ஏழுதான். மீதி மத்தவங்களுது."

"அந்த டிரைவிங் பள்ளி அம்மாவுக்கு அன்னைக்கு மூணு தடவைன்னு எனக்கும் தெரியும். பக்கத்துலதானே நின்னேன். நீங்க எளிதுன்னு எழுதினதைப் பாத்தேன். அடுத்த கேஸுக்கு நேரமாச்சுன்னு பேசாம இருந்துட்டேன்."

"அதை எழுதிக் குடுப்பீங்களா?"

எழுந்து போய்விட்டார். சாயங்காலம் பலகையைப் பார்த்தேன். அவர் எழுதிய வரி இல்லை, துடைத்திருந்தது.

மார்ச் 28, வெள்ளி

விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. "மருத்துவமனையின் நற்பெயருக்குக் களங்கம்" என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறார்கள். நோயாளியின் உயிர் என்று ஒரு இடத்திலும் இல்லை. நாலு வரியில் பதில் எழுதினேன். நான்தான் எழுதினேன், பொய்தான், இப்போது திருத்தியிருக்கிறேன், மற்ற இருபத்து நான்கையும் சரிபார்த்துத் திருத்தச் சொல்லுங்கள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

விசாரணைக்கு மூன்று பேர். ஒருவர் கேட்டார்: "இவ்வளவு நாள் கழிச்சு மனசாட்சி முழிச்சதுக்கு என்ன காரணம்?" கிண்டல் என்று தெரிந்தே பதில் சொன்னேன். "அந்தம்மா பேரு லிஸ்ட்ல வந்துச்சு சார். வராம இருந்திருந்தா முழிச்சிருக்குமான்னு எனக்கே சந்தேகம்தான்."

மின்னலின் கடிதம் ஒன்று அவர்கள் கோப்பில் இருந்தது. படித்துக் காட்டவில்லை, அதில் அவர் போட்ட கையெழுத்தை மட்டும் பார்த்தேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

தலைவர் பதவி போயிற்று. இரண்டு மாதம் தியேட்டர் பக்கம் போகக் கூடாது. மற்ற டாக்டர்கள் பெயர் எல்லாம் அந்த முப்பத்தொன்றில் இருப்பதால், பதவி இப்போதைக்குச் சின்ன டாக்டருக்கு. மத்தியானமே முதல் உத்தரவு போட்டுவிட்டார்: போன் கேள்வி இருக்கட்டும், ஆனால் நேரில் பார்க்காமல் யாரையும் மயக்கக் கூடாது. முயற்சி எத்தனை என்ற கட்டத்தில் டாக்டரோடு டெக்னீஷியனும் கையெழுத்துப் போட வேண்டும். நிர்வாகி எகிறினாராம். "அப்ப நீங்களே வந்து மயக்குங்க சார்" என்றாராம் அந்தப் பெண்.

தம்பி போனில், "பதவி போச்சேக்கா" என்று வருத்தப்பட்டான். போனால் போகிறது. உனக்கு ஒரு சீட்டு எழுதித் தருகிறேன், தாடையைப் பற்றி, எப்போதும் சட்டைப் பையில் வைத்துக்கொள் என்றேன்.

ஏப்ரல் 23, புதன்

மீதி ஆறு பேருக்கும் கடிதம் எழுதி முடித்தேன். ஆஸ்பத்திரித் தாளில் எழுதக் கூடாது என்று நிர்வாகி ஆள் அனுப்பினார். வெள்ளைத் தாளில் எழுதினேன். உங்களுக்குக் குழாய் போடுவது கடினமாக இருந்தது, உங்களிடம் இருக்கிற தாளில் எளிது என்று நான் எழுதியிருப்பது தவறு, இனி எங்கே மயக்கம் கொடுத்தாலும் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். கீழே என் பெயர், என் போன் எண்.

"வக்கீல் யாரையாவது கேட்டுட்டு அனுப்பலாமே" என்றார் வீட்டுக்காரர். கேட்டால் அனுப்பாதே என்பார். அதனால் கேட்கவில்லை. அவர்தான் உறைகளை ஒட்டினார்.

மே 6, செவ்வாய்

இதுவரை நான்கு பேர் போன் செய்தார்கள். ஒருவர் நன்றி சொன்னார். ஒரு அம்மா என்ன ஏதென்று புரியாமல் பயந்துபோய் அழுதார், ஒரு மணி நேரம் விளக்கினேன். ஒருவர் மூச்சு விடாமல் திட்டினார். ஒருவர் வழக்குப் போடுவேன் என்றார்.

போடட்டும். கடிதத்தில் இருக்கிற கையெழுத்தை என்னுடையது இல்லை என்று நான் சொல்லப் போவதில்லை.

மே 15, வியாழன்

ஐந்தாவது போன். ஏழு பேரில் ஒருவரான சாவிக்கடைக்காரரின் மகள்.

"அப்பா பேருக்கு ஒரு லெட்டர் வந்திருக்கு. வீடு மாறிட்டோம், இன்னைக்குத்தான் கைக்கு வந்துச்சு. படிச்சேன், சரியா புரியல."

அப்பாவிடம் கொடுங்கள் என்றேன்.

"அப்பா போன அக்டோபர்லயே தவறிட்டாரு."

குடலிறக்கத்துக்கு வேறு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களாம். கத்தியே வைக்கவில்லை. மயக்கம் கொடுக்கும்போதே மூச்சு நின்றுவிட்டது என்றார்களாம். இதயம் பலவீனம் என்று எழுதிக் கொடுத்தார்களாம். இதயமாகவும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. ஆனால் அவரது மூன்றாவது பிளேடு எனக்குத் தெரியும்.

அவள் சொல்லிக்கொண்டே போனாள். "முன்னாடி மயக்கம் குடுத்திருக்காங்களா, தொல்லை இருந்துச்சான்னு கேட்டாங்க. அப்பா ஏதோ தொண்டை வலிச்சதுன்னு இழுத்தாரு. நான்தான் அதெல்லாம் ஒண்ணும் இல்லைன்னு சொல்லி உங்க ஆஸ்பத்திரித் தாளை எடுத்துக் காட்டினேன். அப்பா சொன்னதைக் கேட்டிருக்கணும். ஏழு மாசமா அதையேதான் நினைச்சுக்கிட்டிருக்கேன் டாக்டர். அந்தத் தாளை நான் காட்டியிருக்கக் கூடாதா?"

நாளைக்கு நேரில் வருகிறேன் என்றேன். விலாசம் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்காரர் முதல் முறையாக வேண்டாம் என்றார். போகாதே, உன்னை உள்ளே தள்ளிவிடுவார்கள் என்றார். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவருக்குப் பயம், எனக்கும்தான்.

அந்தப் பெண் காட்டியது சரியான தாள். எந்த மகளும் அதைத்தான் காட்டியிருப்பாள். தப்பு அவளுடையது இல்லை, அதில் எழுதியிருந்த என்னுடையது. இதை அவளுக்குச் சொல்ல உலகத்தில் வேறு ஆள் கிடையாது. காலையில் எட்டு மணி பஸ்ஸுக்குப் போகிறேன்.